கத்தியின்றி வயிற்றைச் சுருக்கும் வைத்தியம்

(சங்க வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிக்கும் தமிழாசிரியன் இரைப்பையைப் பற்றிப் பேச வந்தது என்னை என்று உங்களுட் சிலர் வியக்கலாம். காரியதரிசி அவர்கள் இப்பொருளை எனக்குக் குறித்ததற்குத் தக்க காரணம் உண்டு. அண்மையில் நம் உதவிநிதிக்கு வந்த விண்ணப்பங்களுட் சில, ‘அறுவையின்றி உடல் மெலிவிக்கும் சிகிச்சை’க்காகக் கடன் வேண்டுவன. அவற்றுள் இரண்டு, மகளின் கலியாணத்தை முன்னிட்டு எழுதப்பட்டவை. கழுத்து நகையை அடகு வைத்து முன்பணம் கட்டியாயிற்று, எஞ்சியதைச் சங்கம் தரவேண்டும் என்பது அவற்றின் சாரம். பணம் கொடுப்பதோ மறுப்பதோ நிர்வாக சபையின் காரியம். அச்சிகிச்சை இன்னதென்று எல்லோருக்கும் விளங்கும் தமிழிற் சொல்லுதல் ஒன்றே என் பொறுப்பு. மருந்து கூறுதல் என் தொழிலன்று. அதற்கு வைத்தியர் உளர்.

முதலில் நோயைச் சொல்லுவேன். பருமனை நோய் என்னலாமோ, உண்டு வளர்ந்த செழிப்பு என்னலாமோ என்ற ஐயம் நம்மவரிடம் இன்னும் உண்டு. ‘பூசினாற்போன்ற உடம்பு’ என்று புகழ்ந்து கூறுவதும் நம் வழக்கே. ஆயினும் கணக்கு வேறு கதை சொல்லுகின்றது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் மிகை எடை உடையோர். அதற்கு முந்திய ஆய்வில் இவை முறையே 30.9, 28.2 என இருந்தன. சில ஆண்டுகளுக்குள் இத்தனை ஏற்றம்! பாரத தேசம் முழுமைக்கும் பெண்களிற் 24 சதவீதமே என்பதையும் உடன்வைத்து நோக்குக.

எடையைத் தனியே சொல்லிப் பயனில்லை. உயரத்தோடு ஒட்டியே அதனை மதித்தல் வேண்டும். கிலோக்கணக்கில் எடையை எடுத்துக்கொண்டு, மீட்டர்க்கணக்கில் உயரத்தை அதனாலேயே பெருக்கி, வந்த தொகையால் எடையை வகுக்க வருவது உடற்பொருண்மைக் குறியீடு. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருத்தி 64 கிலோ இருப்பாளாயின் குறியீடு 25 ஆகும். மேல்நாட்டார் 30-ஐப் பருமனின் எல்லையாகக் கொள்வர். நம்மவர்க்கு அவ்வெல்லை 25 என்று 2009-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ அறிஞர் கூடி வகுத்தனர். என்னை? நம் உடம்பு மெலிந்து தோன்றினும் கொழுப்பு வயிற்றிற் சேரும் இயல்பினது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நமக்குக் குறைந்த எடையிலேயே வந்துவிடுகின்றன. ஆதலின் இடுப்புச் சுற்றளவும் காணல் வேண்டும்: ஆடவர்க்கு 90 சென்டிமீட்டர், மகளிர்க்கு 80 சென்டிமீட்டர் என்பன எல்லைகள்.

இக்கரையில் இந்நோய் ஏன் பெருகிற்று என்பதற்கு நெடிய ஆராய்ச்சி வேண்டா. நம் முன்னோருட் பலர் கல்லைப் பற்றிக் கடலடி இறங்கி மூச்சடக்கிச் சிப்பி வாரினர். தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. உப்பளத்தில் வாருபலகை இழுத்தவரும், பழைய துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் அக்காலத்தே மிகப் பலர். 1974-ல் பெருந்துறைமுகமாக உயர்ந்த புதிய துறைமுகத்தில் இன்று பெட்டகங்களைப் பாரந்தூக்கிகள் தூக்குகின்றன. நாம் நிழலில் அமர்ந்து ரசீது எழுதுகின்றோம். உழைப்புக் குறைந்தது, உணவு குறைந்திலது. நம்மூரார் ‘நைட் கிளப்’ என்று விநோதமாகப் பெயரிட்டழைக்கும் பரோட்டாக் கடைகள் இரவு வெகுநேரம் வரை ஒளிவிடுகின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எனினும் பருத்தவரைப் பெருந்தீனிக்காரர் என்று ஏசுதல் அறியாமையே. பிறப்பின் கூறு, உறக்கக் குறைவு, உட்கொள்ளும் சில மருந்துகள், சுரப்பிகளின் கோளாறு ஆகிய பலவும் இதற்குக் காரணமாகும். ஒரே அடுக்களையில் உண்ணும் இரு சகோதரருள் ஒருவர் மெலிந்தும் ஒருவர் பருத்தும் இருக்கக் காண்கின்றோம் அன்றோ?

இனிச் சிகிச்சைக்கு வருவேன். வாய்வழியே ஒரு குழலைச் செலுத்தி இரைப்பையைக் காணுதல் புதிதன்று. 1868-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் கூஸ்மௌல் என்னும் வைத்தியர், நேரான உலோகக் குழல் ஒன்றை உயிருள்ள மனிதரின் இரைப்பைக்குள் இறக்கத் துணிந்தார். அதற்கு இசைந்தவர் யாரென்று எண்ணுகின்றீர்கள்? வாள் விழுங்கி வித்தை காட்டும் ஒருவர்! வேறெவர் தொண்டை அதனைத் தாங்கும்? குழல் இறங்கிற்று, ஆனால் உள்ளே வெளிச்சம் போதவில்லை. வளையும் கண்ணாடி இழைக் கற்றைகளின் வழியே உருவத்தைக் கடத்தலாம் என்று 1954-ல் இலண்டனிலிருந்து எழுதிய இருவருள் ஒருவர் பஞ்சாபிற் பிறந்த நரிந்தர் சிங் கபானி என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. மூன்றாண்டு கழித்து ஹிர்ஷோவிட்ஸ் என்பார் அம்முறையால் வளையும் குழலைச் செய்து காட்டினார். இக்காலத்துக் குழலின் நுனியிலே சிறு காமிராவே அமைந்துள்ளது. குழலினூடே ஊசி, நூல், இடுக்கி யாவும் செல்லும். காண்பதற்கு மட்டும் இருந்த கருவி இங்ஙனம் வினை செய்யும் கருவியாயிற்று. இதனை ‘எண்டோஸ்கோப்’ என்பர். அகநோக்கி எனலாம்.

அகநோக்கியால் உடல் மெலிவிக்கும் முறைகள் பல. அவற்றுள் நம் ஊரார் காதில் விழுவன இரண்டு: பலூன் வைத்தல், உள்ளிருந்து தைத்தல்.

பலூனின் கதை சுவையானது. தம் தலைமயிரையே கடித்து விழுங்கும் வழக்கமுடைய சிலருக்கு, வயிற்றில் மயிர் திரண்டு உருண்டையாகி, அவர் பசி குன்றி மெலிவதை வைத்தியர் கண்டனர். அத்தகைய உருண்டையை நாமே செய்து வைத்தால் என்ன என்று 1982-ல் டென்மார்க் வைத்தியராகிய நீபெனும் அவர் துணைவரும் பலூனை இட்டு எழுதினர். 1985-ல் அமெரிக்காவில் ஒரு பலூன் அனுமதி பெற்று விற்பனைக்கு வந்தது. அது காற்றடைத்தது. இரைப்பையைப் புண்படுத்திற்று, சில சமயம் சுருங்கிக் குடலில் இறங்கி அடைத்தது. உணவுக் கட்டுப்பாட்டால் வரும் பயனுக்கு மேல் அது தரவில்லை என்பதும் சோதனையில் வெளிப்பட்டது. சில ஆண்டுகளில் சந்தையை விட்டு நீங்கிற்று. 1987-ல் அறிஞர் கூடி, நல்ல பலூன் வழவழப்பாகவும், நீர் நிரப்பத்தக்கதாகவும், எக்ஸ்ரேயில் தெரிவதாகவும் இருக்கவேண்டும் என்று இலக்கணம் வகுத்தனர். அவர்கள் கூடிய இடம் புளோரிடாவின் டார்ப்பன் ஸ்பிரிங்ஸ். கிரேக்க நாட்டுச் சுழியோடிகள் குடியேறிக் கடற்பஞ்சு எடுத்து வளர்த்த ஊர் அது. சுழியோடும் ஊராராகிய நமக்கு இது கேட்க இனிதாயிருப்பதால் கூறினேன். பொருளுக்கு இன்றியமையாததன்று.

அவ்விலக்கணத்தின்படி எழுந்ததே ‘ஆர்பெரா’ முதலிய பலூன். அமெரிக்காவில் 2015-ல் அனுமதி பெற்றது. மெலிந்த சிலிக்கோன் பையை வாய்வழியே இறக்கி, 400 முதல் 700 மில்லிலிட்டர் வரை உப்புநீர் நிரப்புவர். அந்நீரில் நீலச்சாயம் கலப்பதும் உண்டு. பை கசிந்தால் சிறுநீர் நிறம் மாறி உடையவரை எச்சரிக்கும். சாதாரணமாக ஆறு திங்கள் இருக்கும். பின் மீண்டும் அகநோக்கியால் நீரை உறிஞ்சிப் பையை வாங்கிவிடுவர். விழுங்கும் மாத்திரைபோல் உட்கொள்ளும் பலூனும் வந்துளது. அது சுமார் நான்கு திங்களில் தானே திறந்து மலத்தோடு கழியும்படி அமைந்தது.

பலூன் உள்ளே மிதக்கின், சிறிது உண்டவுடன் நிறைவு தோன்றும், உணவும் இரைப்பையை விட்டு மெல்லவே நீங்கும். இதனால் ஆறு திங்களில் உடல் எடையிற் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைதல் பலர்க்கு உண்டு. ஆனால் முதல் மூன்று நான்கு நாள் குமட்டலும் வாந்தியும் வயிற்றுப் பிடிப்பும் பெரும்பாலார்க்கு வரும். சிலர் பொறுக்கமாட்டாமல் முன்னதாகவே எடுத்துவிடுகின்றனர். இன்னொன்று கூறுவேன். பலூன் சோற்றைத் தடுக்கும், சர்க்கரைப் பாகைத் தடுக்காது. நம்மூர் மக்ரூனை நினைத்துக்கொள்ளுங்கள். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் சேர்ந்த அது நாவில் வைத்தவுடன் கரைகின்றது. பலூனைச் சுற்றிக்கொண்டு அது வழி கண்டு போய்விடும். சர்பத்தும் சீனி மிகுந்த தேநீரும் அத்தகையனவே. உண்ணும் பழக்கம் மாறாதவர்க்கு, பலூனை எடுத்தபின் இழந்த எடையிற் பெரும்பகுதி திரும்பி வருதல் இயல்பு.

அபாயம் இல்லையோ எனின், உண்டு. மிகச் சிலர்க்கே எனினும் உண்டு. இரைப்பை துளைபடுதல், கணையம் வீங்குதல், பை சுருங்கிக் குடலை அடைத்தல் ஆகியன அறியப்பட்டவை. நீர் நிரப்பிய பலூன் வைத்தோருள் 2016 முதல் உலகெங்கும் 12 மரணங்கள் தமக்கு அறிவிக்கப்பட்டன என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூன் மாதத்தில் வெளியிட்டது. ஒவ்வொரு மரணத்துக்கும் பலூனே காரணம் என்று நிறுவப்பட்டதன்று. எனினும் வைத்தியர் நோயாளியை அணுக்கமாகக் கவனித்தல் வேண்டும் என்றே அவ்வெச்சரிக்கை கூறிற்று.

இரண்டாவது முறை தைத்தல். இரைப்பையின் வெளிவளைவை உள்ளிருந்தே பல தையல்களால் மடித்துக் கட்டி, அகன்ற பையை ஒடுங்கிய குழாய்போல் ஆக்குவர். கொள்ளளவு ஏறத்தாழ எழுபது சதவீதம் குறையும். எதனையும் அறுத்து நீக்குவதில்லை, வயிற்றின்மேல் தழும்பும் இல்லை. ‘ஓவர்ஸ்டிச்’ என்னும் தையற்கருவி அகநோக்கியின் நுனியில் பொருந்தி இவ்வேலையைச் செய்கின்றது. அமெரிக்காவில் 209 பேரைக்கொண்டு நடந்த ‘மெரிட்’ என்னும் ஆய்வு 2022-ல் ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று. தையலோடு வாழ்க்கைமுறைப் பயிற்சியும் பெற்றவர் 52 வாரத்தில் தம் எடையில் 13.6 சதவீதம் இழந்தனர். பயிற்சி மாத்திரம் பெற்றவர் இழந்தது 0.8 சதவீதம். கடுமையான தீங்கு நேர்ந்தது சுமார் 2 சதவீதத்தினர்க்கு, மரணம் இல்லை. அவ்வாண்டிலேயே அமெரிக்க நிர்வாகம் குறியீடு 30 முதல் 50 வரை உள்ளவர்க்கு இதனை அனுமதித்தது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கும் அறுவையால் குறையும் எடை இதனினும் மிகுதி, சுமார் நான்கில் ஒரு பங்கு எனலாம்.

‘கத்தியில்லை’ என்ற சொல்லை இவ்விடத்தே ஆராய விரும்புகின்றேன். சொல்லை ஆராய்தல் என் தொழில். கத்தியில்லை என்பது மெய். ஊசி உண்டு, நூல் உண்டு, முழு மயக்கம் உண்டு, தொண்டைக்குள் சுவாசக்குழாய் உண்டு. இரத்தம் கசிதலும் தையல் அருகே சீழ் கட்டுதலும் அருகி நிகழ்வன. விளம்பரத்தில் ‘அறுவையில்லை’ என்று பெரிய எழுத்தில் வரும். அதைக் கேட்டு, பல் பிடுங்குவதுபோல் காலையிற் போய் மாலையில் வந்துவிடலாம் என்று நம்மவர் எண்ணுகின்றனர். பருத்த உடம்பினர்க்கு மயக்கம் கொடுப்பதே தனித் திறமை வேண்டும் காரியம். 2024 ஏப்ரலில் சென்னையை அடுத்த பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்புச் சிகிச்சைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்தார், அரசு விசாரணை நடத்திற்று. அது அறுவைச் சிகிச்சை; நான் கூறும் அகநோக்கி முறையன்று. இரண்டையும் ஒன்றாக்கி அஞ்சவேண்டா. அவசர சிகிச்சைக்குரிய வசதிகள் முழுமையாக உள்ள இடத்தையே நாடவேண்டும் என்பது இரண்டிற்கும் பொது.

உணவைக் குழாய்வழி வயிற்றுக்கு வெளியே வடித்துக்கொட்டும் ஒரு கருவியும் 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, 2022-ல் மறைந்தது. உண்டதைக் கொட்டும் அச்செயலை விரித்துரைக்க என் நா எழவில்லை. வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசி மருந்துகள் 2025-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றைப் பற்றித் தக்க வைத்தியர் ஒருவரை அழைத்துத் தனிக்கூட்டம் நடத்துதல் நலம்.

இனி நம் வீட்டுக் காரியம். விண்ணப்பத்திற் கண்ட நிலையையே எடுத்துக்கொள்வோம். பெண்ணின் உயரம் 160 சென்டிமீட்டர், எடை 90 கிலோ, கலியாணம் நான்கு மாதத்தில் என்று வையுங்கள். குறியீடு 35-க்குச் சிறிது மேல். தையல் முறை ஆய்விற் கண்டபடி முழுப்பயன் தந்தால் ஓராண்டு முடிவில் சுமார் 12 கிலோ குறைந்து 78 ஆகும். குறியீடு 30-க்கு மேலேயே நிற்கும். நீரிழிவும் முழங்கால் வலியும் உடையவளாயின் அந்த 12 கிலோ பெருவரம். இரத்தச் சர்க்கரை இறங்கும், உறக்கத்தில் மூச்சுத் திணறல் தணியும். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் காட்டிய புகைப்படத்துப் பெண்ணாக அவள் மாறிவிடமாட்டாள். அதுவும் ஓராண்டில், நான்கு மாதத்திலன்று.

பலூனோ எனின் இன்னும் சிக்கல். பலூன் உள்ளிருக்கும்போது கருத்தரித்தல் கூடாது என்பது வைத்திய விதி. கலியாணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன் ஆறு திங்கட் பலூன் வைத்தால், அது புகுந்த வீட்டுக்கும் கூடவே போகும். பெற்றோர் அதனை மறைக்கின்றனர். மறைப்பதாகவே ஒரு தாயார் என்னிடம் சொன்னார். “வாத்தியார் ஐயா, சொன்னால் சம்பந்தம் நின்றுவிடுமே” என்றார். அந்த அம்மையாரின் துயரம் எனக்கு விளங்காமலில்லை. ஆயின் புது மணப்பெண் இரவில் ஓயாது வாந்தியெடுத்தால், மாமியார் எலுமிச்சங்காயைத் தேடுவாரா, வைத்தியரைத் தேடுவாரா? வயிற்றுள் பலூன் இருப்பதை அறியாத வைத்தியர் எதனை எண்ணி மருந்து கொடுப்பார்? பெண்ணின் உயிரைப் பணயம் வைத்துக் காக்கும் சம்பந்தம் என்ன சம்பந்தம்? இக்குற்றத்திற் பாதி, பெண்பார்க்கப் போய்த் தராசுக்கண்ணோடு நோக்கும் நம்மவரையே சாரும். அதனை இச்சபையில் மறைக்காமற் சொல்லுகின்றேன்.

தூரமும் எண்ணத்தக்கது. இச்சிகிச்சைகள் சென்னை முதலிய பெருநகரங்களிலேயே மிகுதி. முத்துநகர் விரைவுவண்டியில் இரவு ஏறி மறுநாட் சிகிச்சை பெற்றுத் திரும்புவோர் அறுநூறு கிலோமீட்டருக்கு இப்பால் வந்துவிடுகின்றனர். நள்ளிரவில் வயிறு வலித்தால் அவர்களைப் பார்ப்பவர் உள்ளூர் வைத்தியரே. ஆதலின் புறப்படுமுன் உள்ளூர் வைத்தியர் ஒருவரிடம் செய்தி சொல்லி வைத்தலும், பலூனின் பெயர், வைத்த தேதி, எடுக்கும் தேதி எழுதிய அட்டையைச் சட்டைப்பையில் வைத்தலும் வேண்டும். தோணியேறிக் கொழும்புக்கும் மாலைத் தீவுக்கும் போகும் நம் பிள்ளைகள், கப்பலிற் பணிபுரிவோர், பலூனோடு கடலேறுதல் தகாது என்பது என் கருத்து. நடுக்கடலில் அதனை யார் எடுப்பார்? சங்கு குளிக்கும் அன்பர்க்கும் ஒரு சொல். காற்றடைத்த பலூன் வகையும் உண்டு. நீரிற் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டித்துக் காற்றின் கன அளவு பாதியாகும், மேலேறுகையில் மீண்டும் விரியும். இது பள்ளிப் பௌதிகம். அவர்கள் தம் தொழிலை வைத்தியரிடம் முதலிலேயே கூறிவிடல் வேண்டும்.

முன்னரே இரைப்பையில் அறுவை செய்துகொண்டவர், ஆறாத புண் உடையவர், பெரிய உதரவிதான இறக்கம் உடையவர், கருவுற்றவர் ஆகியோர்க்குப் பலூன் ஆகாது. இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்போர் அதனை மறைக்கலாகாது. காப்பீட்டை நம்பியிருப்போர் பத்திரத்தைப் படித்துப் பார்க்க. பருமனுக்குரிய அறுவைக்கு, குறியீடு 40 அல்லது கடும் உடன்நோயோடு 35 என்றால்தான் காப்பீட்டு விதிகள் இடந்தருகின்றன. அவ்விதி அறுவையைப் பற்றியது. பலூனுக்குக் கைப்பணமே என்று எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

திருக்குறளில் மருந்து என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் பெரும்பாலும் உணவின் அளவைப் பற்றியே பேசுவதை மாணவர்க்குக் கற்பிக்குந்தோறும் காட்டுவேன். இறுதிக் குறளிலோ வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு உடனிருந்து உதவுவோனையும் ஓர் உறுப்பாக வைத்தார். முத்துக்குளிப்பில் கயிறு பிடிப்பவனாக மைத்துனனையே வைப்பர் என்று நம் கரையிற் சொல்லுவார்கள். அக்காளின் தாலி அவன் கையில் இருத்தலின் அவன் கண்ணயரான். இச்சிகிச்சைக்கும் அப்படி ஒருவர் வேண்டும். சிகிச்சை ஒருநாளில் முடியும், கஞ்சியும் சாறுமாய்ச் சில வாரம், அதன்பின் உணவையும் நடையையும் திருத்தும் வேலை ஓராண்டு. அவ்வாண்டு முழுதும் வீட்டிலுள்ளோர் தம் உலையையும் மாற்றிக்கொண்டாலன்றி, ஒருவர் தட்டில் மட்டும் காய்கறி வைப்பது நடவாது.

ஆதலின் நிர்வாக சபைக்கு என் வேண்டுகோள் இது. நீரிழிவு, மூச்சுத்திணறல், கல்லீரற் கொழுப்பு முதலிய நோயுடையவர்க்கு வைத்தியர் எழுதித் தந்தால் கடன் கொடுக்க. அத்தொகையில் பின்வரும் ஓராண்டுப் பரிசோதனைச் செலவையும் சேர்த்தே கணக்கிடுக. பலூனாயின் எடுக்கும் செலவையும் முன்னரே ஒதுக்குக. பணமில்லையென்று குறித்த காலத்துக்கு மேல் அதனை உள்ளேயே விட்டுவைத்தல் பேராபத்து. கலியாணத் தேதியைக் காரணமாகக் காட்டும் விண்ணப்பங்களை ஓராண்டு தள்ளிவைத்து, அதற்குள் அக்குடும்பத்தாரை உணவறிஞரிடம் அனுப்புக.

வாசகசாலை மேசையில் அளவு நாடாவும் எடைப்பொறியும் வைத்திருக்கின்றோம். பெண்மக்கள் தனியே வந்து அளந்துகொள்ள வெள்ளிக்கிழமை மாலை ஒதுக்கப்பட்டுள்ளது. குறியீடு கணக்கிடத் தெரியாதவர்க்கு என் ஒன்பதாம் வகுப்பு மாணவர் இருவர் கணக்கிட்டுச் சீட்டில் எழுதித் தருவார்கள். சீட்டில் பெயர் எழுதுவதில்லை.